12 வோல்ட் இருந்தும் பாட்டு நிற்பது ஏன்?

வாசகர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "காரில் தனியாக வாங்கிப் பொருத்திய ஸ்டீரியோ, ஒலியைக் கூட்டினால் அணைந்துபோய், அடுத்த நொடியே தானாக மீண்டும் உயிர்பெறுகிறது. எஞ்சின் ஓடும்போது இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. வயரைக் கழற்றி மல்ட்டிமீட்டரில் பார்த்தால் 12.4 வோல்ட் காட்டுகிறது. ஸ்டீரியோவையே மாற்றியும் பயனில்லை." விடைக்கான துப்பு முழுவதும் அவருடைய கேள்விக்குள்ளேயே இருக்கிறது, மீட்டர் காட்டிய எண்ணை அவர் அளவுக்கு மீறி நம்பிவிட்டார் என்பதுதான் சிக்கல்.

ஸ்டீரியோவின் பின்புறத்து வயர்களில் மின்சாரம் வந்துபோவதற்கு உரியவை பெரும்பாலும் மூன்றே. மஞ்சள் வயர் எந்நேரமும் பேட்டரியோடு இணைந்திருந்து நினைவகத்தைக் காக்கிறது. இசைக்கு வேண்டிய பெரும் மின்னோட்டத்தைச் சுமப்பதும் அதுவே. சிவப்பு வயர், சாவியைத் திருப்பியதும் ஸ்டீரியோவை எழுப்பும் சமிக்ஞை மட்டுமே. கறுப்பு வயர் எர்த். மின்னோட்டம் காரின் உலோக உடல் வழியாகப் பேட்டரியின் எதிர்முனைக்குத் திரும்பும் பாதை. சாவியை எடுக்கும்போதெல்லாம் பதிந்து வைத்த வானொலி நிலையங்கள் அழிந்துபோனால், மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியிருக்க வாய்ப்பு மிகுதி. இரண்டையும் ஒன்றாக முறுக்கி எந்நேர மின்சாரத்தில் கோத்துவிட்டால் ஸ்டீரியோ உறங்காது. அது அரை ஆம்பியர் மட்டும் உறிஞ்சினாலும் 45 ஆம்பியர்-மணி பேட்டரி 90 மணி நேரத்தில் வறண்டுவிடும், எஞ்சினைக் கிளப்பும் வலுவை அதற்கு வெகு முன்பே இழந்துவிடும். இந்த வண்ண மரபு ஸ்டீரியோவோடு வரும் வயர்களுக்குத்தான் பொருந்தும், காரோடு பிறந்தவற்றுக்கு அன்று. குறிப்பாக, டாஷ்போர்டுக்குள் மஞ்சள் உறையிட்ட வயர்க்கற்றை தென்பட்டால் அது காற்றுப்பைக்கு உரியதாக இருக்கலாம். அதில் கை வைக்கவே கூடாது.

இனி வாசகரின் மீட்டருக்கு வருவோம். மின்னழுத்தத்தை அளக்கும் டிஜிட்டல் மல்ட்டிமீட்டரின் உள்தடை பொதுவாக 1 கோடி ஓம். 12 வோல்ட்டுக்கு அது இழுக்கும் மின்னோட்டம் ஓர் ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். வழியில் ஓர் இணைப்பு துருவேறி 1000 ஓம் தடையாக நின்றாலும், இந்த அற்ப ஓட்டத்தால் அங்கே இழக்கப்படுவது ஒரு மில்லிவோல்ட் சொச்சமே என்பதால், மீட்டர் முழு மின்னழுத்தத்தையும் காட்டிவிடும். ஆனால் அந்த இணைப்பின் வழியே ஸ்டீரியோவின் திரைகூட ஒளிராது. எறும்பு கடந்துவிட்டது என்பதற்காக அந்தப் பாலத்தில் யானையை ஏற்றலாமா? வாசகர் வயரைக் கழற்றி அளந்தபோது பாலத்தைக் கடந்தது எறும்புதான்.

அவருடைய காரில் உள்ள தடை 1000 ஓம் அன்று, 0.3 ஓம் என்று வைத்துக்கொள்வோம். மெல்லிய இசையில் ஸ்டீரியோ 0.8 ஆம்பியர் கேட்கும்போது ஓம் விதிப்படி (மின்னோட்டம் × தடை) 0.24 வோல்ட் மட்டுமே குறையும், யாருக்கும் தெரியாது. ஒலியைக் கூட்டி, முரசின் ஓர் அடி விழும் கணத்தில் அது 8 ஆம்பியர் கேட்டால் 2.4 வோல்ட் இணைப்பிலேயே கரைந்து, 12.4 இருந்த இடத்தில் 10 மிஞ்சும். பல ஸ்டீரியோக்கள் ஏறத்தாழ இந்த எல்லையில் தம்மைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதற்குப் பின்தான் வருகிறது. அணைந்ததும் மின்னோட்டம் நிற்கிறது. ஓட்டம் நின்றதும் இழப்பும் மறைந்து 12.4 வோல்ட் முழுதாகத் திரும்பிவிடுகிறது. எல்லாம் நலம் என்று நம்பி ஸ்டீரியோ எழுகிறது. அடுத்த முரசடியில் மீண்டும் விழுகிறது. குற்றம் நடக்கும்போது மட்டுமே தடயம் இருக்கிறது, நாம் போய்ப் பார்க்கும்போது இருப்பதில்லை. எஞ்சின் ஓடும்போது அதனால் சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் 14 வோல்ட்டுக்குச் சற்று மேல் தருவதால், அதே 2.4 போனாலும் ஏறத்தாழ 11.8 மிஞ்சிப் பாட்டு தொடர்கிறது. அவருடைய தொல்லை எஞ்சின் ஓடும்போது தணிவது இதனால்தான்.

நன்றாக முறுக்கிய வயரில் 0.3 ஓம் எங்கிருந்து வருகிறது? கண்ணுக்கு மழமழப்பாகத் தெரியும் இரண்டு உலோகப் பரப்புகள் உண்மையில் மேடுபள்ளமானவை. ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்தால் சில நுண்ணிய மேடுகளின் உச்சிகள் மட்டுமே ஒன்றையொன்று தொடுகின்றன. முழு மின்னோட்டமும் அந்தச் சில புள்ளிகளுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நுழைய வேண்டும் என்பதால், சுத்தமான உலோகத்திலும் சிறிது தடை உண்டு. உலோகங்கள் தொடும் இடத்து மின்தடையை ஆராயும் துறைக்கு அடித்தளமிட்டவர்களில் முதன்மையானவர் ராக்னர் ஹோம். இன்சுலேஷன் டேப் சுற்றிய முறுக்கு, வண்டியின் அதிர்வில் மெல்லத் தளர்கிறது. தொடும் புள்ளிகள் குறைகின்றன. இடைவெளியில் ஆக்சைடு படிகிறது. 0.3 ஓமில் 8 ஆம்பியர் பாய்ந்தால் பிறக்கும் வெப்பம் 19 வாட், ஒரு சிறிய சால்டரிங் கோலின் அளவு. அந்தச் சூடு ஆக்சைடை மேலும் வளர்க்க, தடை தன்னைத் தானே பெருக்கிக்கொள்கிறது. உருகிய பிளாஸ்டிக் வாடை வந்தால் ஃபியூஸைப் பெரிதாக்குவது பேராபத்து: இணைப்பின் தடை மின்னோட்டத்தைக் கூட்டுவதில்லை, ஆகவே அந்தச் சூட்டை ஃபியூஸ் உணரவே உணராது.

அப்படியானால் அளப்பது எப்படி? மின்னழுத்தம் எங்கே இருக்கிறது என்று தேடாமல், எங்கே தொலைகிறது என்று தேட வேண்டும். எல்லா வயர்களும் இணைந்திருக்க, பாட்டு உரக்க ஒலிக்கும்போது, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நேர்முனையிலும், மறுமுனையை ஸ்டீரியோவுக்கு அருகே மஞ்சள் வயரின் உலோகத்திலும் வைக்க வேண்டும். பாட்டு இல்லாதபோது பூஜ்ஜியத்தை ஒட்டி நிற்கும் எண், ஒவ்வொரு முரசடிக்கும் துள்ளி எழும். அரை வோல்ட்டைத் தாண்டித் துள்ளினால் வழியில் கோளாறு உண்டு. இரண்டாம் முனையை ஃபியூஸ், இணைப்பு எனப் படிப்படியாகப் பேட்டரியை நோக்கி நகர்த்தினால், எந்த இரு இடங்களுக்கு நடுவே அந்த எண் சட்டென விழுகிறதோ அங்கேதான் திருடன் ஒளிந்திருக்கிறான். பேட்டரியின் இரு முனைகளுக்கு இடையேயும் ஒருமுறை அளந்துவிட வேண்டும். அங்கேயே மின்னழுத்தம் சரிந்தால் வயர்கள் மேல் பழிபோட வேண்டியதில்லை.

இந்தச் சோதனைக்கு முன்பே, "கெப்பாசிட்டர் போடுங்கள், சரியாகிவிடும்" என்று யாராவது சொல்வார்கள். கெப்பாசிட்டர் என்பது மின்னூட்டத்தைத் தேக்கிவைத்துத் தரும் கருவி. 1 ஃபாரட் கொள்ளளவுள்ள கெப்பாசிட்டர் 1 வோல்ட் குறைவதற்குள் தரும் மின்னூட்டம் 1 கூலும், அதாவது 1 ஆம்பியர் ஓட்டம் ஒரு நொடியில் சுமப்பது. 8 ஆம்பியர் ஓட்டத்துக்கு அது நொடியில் எட்டில் ஒரு பங்கு நேரமே தாங்கும். ஒற்றை அடிக்கு உதவலாம். துருப்பிடித்த இணைப்புக்கு அது தாயத்துக் கட்டுவது போன்றதே என்பது என் கருத்து.

மஞ்சள் வயர் தேறிவிட்டால் எஞ்சுவது எர்த். பேட்டரியின் எதிர்முனைக்கும் ஸ்டீரியோவின் உலோக உறைக்கும் இடையே அதே சோதனையைச் செய்யலாம். பெயிண்ட் பூசிய தகட்டில் திருகிய கறுப்பு வயர் பெரும்பாலும் பெயிண்டையே தொட்டுக்கொண்டிருக்கும். ஆனாலும் ஸ்டீரியோ பாடும், ஏனெனில் மின்னோட்டம் ஆன்டெனா கேபிளின் வெளிப்பின்னல் வழியாகக் காரின் உடலுக்குத் திரும்பிவிடும். அதனால் ஸ்டீரியோ பாடிக்கொண்டிருக்கும்போதே ஆன்டெனா கேபிளை உருவிப் பார்ப்பது நல்லது. உருவியதும் பெட்டி மொத்தமாக அணைந்தால், அதுவரை எர்த் வேலையைப் பார்த்தது கறுப்பு வயர் அன்று. பெயிண்டைச் சுரண்டி, பளபளக்கும் உலோகத்தின் மேல் அந்தத் திருகை மீண்டும் இறுக்க வேண்டும்.