பெண் வழக்கறிஞருக்கு மகப்பேறு நலன்: யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை

வழக்கறிஞர் தொழிலில் இருக்கும் பெண் கருவுற்றதும் முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியது, சட்டத்தின் பார்வையில் தாம் ஊதியம் பெறும் பணியாளரா, தம் பெயரில் வக்காலத்து போட்டுத் தொழில் நடத்துபவரா என்பதைத்தான். ஒன்றாகச் சட்டம் படித்து முடித்த இருவரில் ஒருவருக்கு 26 வாரம் ஊதியத்துடன் விடுப்பு உண்டு. மற்றவருக்கு ஒரு நாள்கூடக் கிடையாது.

சட்ட நிறுவனத்திலோ, வங்கி அல்லது தொழிற்சாலையின் சட்டப் பிரிவிலோ மாதச் சம்பளத்தில் இருப்பவர் முதல் வகை. 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டமும் அதன் 2017 திருத்தமும் வகுத்த உரிமைகள், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள 2020-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தின் ஆறாவது அத்தியாயத்தில் இப்போது இடம்பெற்றுள்ளன. பத்து பேருக்குக் குறையாமல் பணியாற்றும் அலுவலகமாக இருக்க வேண்டும். பிரசவம் எதிர்பார்க்கப்படும் நாளுக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும். 26 வாரத்தில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் விடுப்பு 12 வாரமாகக் குறையும். கருச்சிதைவுக்கு ஆறு வாரம் உண்டு என்பது பலருக்குத் தெரியாததால், அந்த வேதனையோடு மறுநாளே அலுவலகம் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். மருத்துவச் சான்று கொடுத்தால் போதும், நிர்வாகம் மறுக்க முடியாது.

விடுப்பில் இருக்கும் பெண்ணை அந்த விடுப்பின் காரணமாக வேலையை விட்டு நீக்குவது சட்டவிரோதம். ஒப்பந்தக் காலம் இடையில் முடிந்துவிட்டாலும் மகப்பேறு நலன் முழுமையாகத் தரப்பட வேண்டும் என்று 2023-இல் கவிதா யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொண்டு வேலை செய்யும் சட்ட அலுவலர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். பணிக்குத் திரும்பிய பின், குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை பாலூட்டுவதற்கு நாளுக்கு இரண்டு இடைவேளை உண்டு. ஐம்பது பேருக்குக் குறையாத அலுவலகத்தில் குழந்தைகள் காப்பக வசதி வேண்டும். தாய் நாளுக்கு நான்கு முறை அங்கு போய்வரலாம்.

தமிழ்நாடு அரசின் முறையான பணியில் உள்ள உரிமையியல் நீதிபதிகளுக்கும் உதவி அரசு வழக்கறிஞர்களுக்கும் வழி வேறு. 2021 ஜூலை 1 முதல் அரசுப் பெண் ஊழியர்களின் மகப்பேறு விடுப்பு ஒன்பது மாதத்திலிருந்து 12 மாதமாக உயர்த்தப்பட்டது.

மூத்த வழக்கறிஞரான சீனியரின் அலுவலகத்தில், அதாவது சேம்பரில், ஜூனியராக இருப்பவர்களின் நிலைதான் கவலைக்குரியது. காலை எட்டு மணிக்கு வழக்குக் கட்டுகளைப் பிரித்து வைத்து, மாலை ஆலோசனை முடிந்து இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பினாலும், சட்டம் அவரைப் பணியாளராகக் கருதுவதில்லை. ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சம் தரப்பட வேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. ஆனால் அது உதவித்தொகையே தவிர ஊதியம் அல்ல என்பதால் மகப்பேறு விடுப்பு அதனுடன் சேர்ந்து வருவதில்லை. தில்லியில் இலவச சட்ட உதவி வழங்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் பட்டியலில் இருந்த வழக்கறிஞர் ஒருவருக்கு மகப்பேறு நலன் உண்டு என 2023-இல் தனி நீதிபதி தீர்ப்பளித்தும், மேல்முறையீட்டில் அது நிலைக்கவில்லை. இந்த இடைவெளியைச் சட்டமன்றமோ வழக்கறிஞர் தொழிலை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலோ நிரப்பியாக வேண்டும். அதுவரை சேம்பர்களில் கிடைப்பது சீனியரின் நல்லெண்ணம். அதை உரிமை என்று சொல்ல முடியாது.

வருமானம் குறைவாக உள்ள ஜூனியருக்கு ஒரு சிறு ஆதரவு உண்டு. ஆண்டுக் குடும்ப வருமானம் எட்டு லட்சம் ரூபாய்க்குக் கீழ் இருந்தால், பிரதமரின் மாத்ரு வந்தனா திட்டத்தில் முதல் குழந்தைக்கு 5,000 ரூபாயும், இரண்டாவது பெண் குழந்தையாக இருந்தால் 6,000 ரூபாயும் கோரலாம். படித்த வழக்கறிஞர் இதற்கெல்லாம் போய் நிற்பதா என்று தயங்க வேண்டியதில்லை. தகுதி இருப்பவருக்கு இது உரிமைத் தொகை. கருவுற்றதும் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்து, கர்ப்பிணிகளுக்குத் தரப்படும் பதிவு எண்ணான பிக்மி (PICME) எண் பெற்றுக்கொள்வது முதல் வேலை. குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வாங்கவும் அந்த எண் தேவைப்படும்.

இனி வழக்குகளுக்கு வருவோம். பிரசவ வலி வந்த பிறகு வாய்தா கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 17, விதி 1 அதற்குப் பெரிதாக இடம் தரவில்லை. வழக்கறிஞரின் உடல்நலக் குறைவைக் காரணம் காட்டி வாய்தா கேட்டால், உரிய நேரத்தில் வேறொருவரை அமர்த்தக் கட்சிக்காரரால் இயலவில்லை என்று நீதிமன்றம் திருப்தியடைய வேண்டும். எல்லோருக்கும் ஏழெட்டு மாதம் முன்பே தெரிந்த பிரசவ நாளைக் காட்டி அந்தத் திருப்தியை உண்டாக்குவது கடினம்.

ஆகவே ஐந்தாவது மாதத்திலேயே உட்கார்ந்து, நிலுவையில் உள்ள ஒவ்வொரு கட்டையும் எடுத்துப் பார்த்து, இன்னொரு வழக்கறிஞரின் பெயரையும் சேர்த்துக் கூட்டு வக்காலத்து தாக்கல் செய்துவிடுவது நல்லது. கட்சிக்காரரை நேரில் அழைத்து, யார் வருவார், எத்தனை மாதம் வருவார் என்று சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டும். கட்டின் மேலட்டையில் அடுத்த விசாரணை நாள், வழக்கு இருக்கும் கட்டம், குறுக்கு விசாரணையில் கேட்க வேண்டியவை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கட்டிவைத்தால், இரண்டாவது வழக்கறிஞர் அன்று காலையில் பிரித்துப் பார்த்தே நடத்திவிடலாம். கட்டணத்தை எப்படிப் பிரிப்பது, குழந்தை பிறந்த பின் எந்த மாதத்திலிருந்து வழக்கு திரும்பக் கைக்கு வரும் என்பதை அவருடன் எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.