எட்சிங்: அரித்தெடுத்தல்

தென்னிந்தியாவின் பழைய எஃகான ஊட்ஸில் செய்த வாளோ, இரண்டு வகை எஃகை அடுக்கி அடித்த இன்றைய டமாஸ்கஸ் கத்தியோ, மெருகேற்றி முடித்ததும் ஒரே பளபளப்பாகத்தான் இருக்கும். அமிலத்தில் முக்கி எடுத்தால்தான் உள்ளே ஓடும் வரிகள் தெரியும். இந்த வேலைக்குப் பெயர்தான் எட்சிங்.

ஆங்கிலம் இச்சொல்லை 17ஆம் நூற்றாண்டில் டச்சு மொழியிலிருந்து எடுத்தது. டச்சுக்கு மூலம் ஜெர்மன் ‘எட்சன்’. அந்த மொழியில் ‘எஸ்ஸன்’ என்றால் உண்பது. எட்சன் அதன் பிறவினை. நம் ‘உண்’ ‘ஊட்டு’ ஆகிறதே, அப்படி. உலோகத்தை அமிலத்துக்குத் தின்னக் கொடுக்கிறார்கள்.

தமிழில் பொறித்தல், செதுக்குதல் என்று எழுதுவதைப் பார்க்கிறேன். செம்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் இடும் ஓவியருக்குப் பொறித்தல் பொருந்தலாம். கோடு அவர் போட்டது. கத்தியில் யாரும் எதையும் வரைவதில்லை. ஊட்ஸில் கரிமம் சுமார் 1.5 சதவீதம். மிதமான சூட்டில் திரும்பத் திரும்ப அடிக்கும்போது இரும்பும் கரிமமும் சேர்ந்த கார்பைடு துகள்கள் வரிசை வரிசையாகச் சேர்கின்றன. சுற்றியுள்ள இரும்பை அமிலம் தின்று கறுப்பாக்கும். கார்பைடை அவ்வளவு சுலபத்தில் தின்ன முடியாது, அதனால் அது வெளுப்பாக நிற்கும். அடுக்குக் கத்தியில் நிக்கல் கலந்த எஃகு அப்படி நிற்கிறது.

ஆகவே என் தேர்வு ‘அரித்தெடுத்தல்’. அமிலம் அரிக்கும் என்பது பேச்சிலேயே இருக்கிறது. அரிசியை நீரில் அரித்துக் கல்லைப் பிரிப்பதும் அரித்தல்தான். வெறும் ‘அரிப்பு’ என்றால் துருவும் சொறியும்தான் நினைவுக்கு வரும்.

ஊட்ஸ் என்ற பெயரும் நம் பக்கத்துச் சொல்தான். 1795இல் லண்டனில் ஜார்ஜ் பியர்சன் இந்த எஃகைப் பற்றி எழுதிய கட்டுரை வழியாக ஆங்கிலத்தில் பரவியது. கன்னட ‘உக்கு’ திரிந்து வந்தது என்பது பரவலான கருத்து. தமிழில் அது உருக்கு.

எதை வைத்து அரிப்பது என்பது ஊருக்கு ஊர் வேறு. பாரசீகத்தில் அன்னபேதி (இரும்பு சல்பேட்) இனத்துக் கனிம உப்பைக் கரைத்துப் பூசினார்கள். வெளிப்பட்ட வரிகளுக்கு ‘ஜவ்ஹர்’ என்று பெயர். ஜாவாவில் கெரிஸ் குறுவாளுக்கு எலுமிச்சைச் சாறும் பாஷாணமும் (ஆர்சனிக்). இன்றைய பட்டறைகளில் பெரும்பாலும் ஃபெரிக் குளோரைடு. எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்கள் சர்க்யூட் போர்டு செய்யக் கரைத்திருப்பார்களே, அதேதான். அரித்தெடுத்த கத்தியைச் சோடா உப்புக் கரைசலில் முக்கி அமிலத்தை முறித்து, துடைத்து, உடனே எண்ணெய் பூசிவிட வேண்டும்.