பழைய ஆம்ப் வாங்குங்கள், ஒயரில் மிச்சம் பிடிக்காதீர்கள்

போன மாதம் கானாடுகாத்தான் பக்கமிருந்து ஒரு தம்பி, காரைக்குடியில் இருக்கும் என் பட்டறைக்குக் காரைக் கொண்டுவந்தார். "அண்ணே, பாட்டு நல்லாத்தான் பாடுது. ஒரு மணி நேரம் ஓட்டினா என்னமோ தீயுற வாடை வருது" என்றார். சென்னை புதுப்பேட்டையில், பழைய காரிலிருந்து கழற்றின ஆம்ப் (பாட்டுச் சத்தத்தைக் கூட்டும் ஆம்ப்ளிஃபையர்) ஒன்றை வாங்கி, தானே மாட்டியிருக்கிறார்.

டிரைவர் சீட்டுப் பக்கத்து விரிப்பைத் தூக்கினேன். சிவப்பு ஒயர் விரிப்போடு ஒட்டிக்கொண்டே வந்தது. உறை இளகி, இரண்டு இடத்தில் செம்பு வெளியே தெரிந்தது. வீட்டு சுவிட்ச் போர்டுக்கு இழுக்கிற ஒன்றரை சதுர எம்எம் ஒயர். பேட்டரியிலிருந்து நேராக வந்திருந்தது; நடுவில் ஃப்யூஸே இல்லை.

"ஆம்ப்லயே 30 ஆம்பியர் ஃப்யூஸ் இருக்கேண்ணே?" என்று கேட்டார். நிறையப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். அந்த ஃப்யூஸ் ஆம்புக்குள் கோளாறு வந்தால்தான் போகும். பேட்டரிக்கும் ஆம்புக்கும் இடையில் ஓடும் நாலைந்து மீட்டர் ஒயர் எங்காவது உரசி வண்டியின் இரும்பு பாடியைத் தொட்டால், கரண்ட் ஆம்ப் வரைக்கும் போகவே போகாது. ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு 100 ஆம்பியருக்கு மேல் கொடுக்கிற பேட்டரி, அதையெல்லாம் உரசின இடத்திலேயே கொட்டும். ஒயர் பழுக்கும், விரிப்பில் தீப்பிடிக்கும். அதனால்தான் பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் தனியாக ஒரு ஃப்யூஸ் வேண்டும் என்கிறோம். அது ஒயரைக் காப்பாற்ற.

ஆம்ப் வைக்கிற ஆசையில் தப்பில்லை. காரோடு வரும் கம்பெனி பாட்டு செட்டில் '50 வாட் x 4' என்று ஒட்டியிருந்தாலும், 4 ஓம் ஸ்பீக்கருக்கு உண்மையில் கிடைப்பது சேனலுக்கு 20 வாட் அளவுதான். நிஜமாகவே 50 வாட் தரும் நாலு சேனல் 'கிளாஸ் ஏபி' சர்க்யூட் வகை ஆம்ப், முழுச் சத்தத்தில் 25 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதற்கு 10 சதுர எம்எம் செம்பு ஒயர் போடுங்கள். மலிவாகக் கிடைக்கிற தடி ஒயரை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்பு பூசின அலுமினியம். ஆம்பிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயருக்கும் அதே தடிமன் வேண்டும். பெயிண்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் போல்ட் போட்டு இறுக்குங்கள்.

எங்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய தேக்குச் சாமான் வாங்கப் போனால் தட்டிப் பார்க்காமல் யாரும் காசு கொடுப்பதில்லை. பழைய ஆம்பையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். நான் பார்க்கிற விதம் இது: பிளஸ் ஒயரில் ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பை வரிசையில் சேர்த்துத்தான் முதல் கரண்ட் கொடுப்பேன். பல்பு ஒரு நொடி மின்னி அடங்கினால், உள்ளே கப்பாசிட்டர் (மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பாகம்) நிரம்புகிறது, நல்லது. அடங்காமல் பளீரென்று எரிந்தால் உள்ளே ஷார்ட். அந்த ஆம்பை வண்டியில் மாட்டவே கூடாது. அப்புறம் மூடியைத் திறந்து பாருங்கள். கப்பாசிட்டர் தலை உப்பியிருந்தால் மாற்றியே ஆக வேண்டும். விலை உயர்ந்த வெளிநாட்டுக் கார்களில் கழற்றின ஆம்புகள் சில, ஒளியிழை வழியாக வரும் சிக்னலைத்தான் எடுக்கும். நம் வண்டியில் அவை வெறும் எடைதான்.

இன்னொரு விஷயம். கம்பெனி செட்டின் ஸ்பீக்கர் மைனஸ் ஒயரை எர்த் என்று நினைத்து பாடியில் சேர்த்துவிடாதீர்கள். இரண்டு ஒயரிலும் சிக்னல் இருக்கிறது. சேர்த்தால் செட்டின் ஐசி (ஸ்பீக்கரை ஓட்டும் சிப்) போய்விடலாம். ஸ்பீக்கர் ஒயரை நேரடியாக எடுத்துக்கொள்கிற ஆம்பாகப் பாருங்கள், இல்லையென்றால் ஸ்பீக்கர் சிக்னலை ஆம்புக்கு ஏற்றபடி மாற்றித் தரும் கன்வெர்ட்டர் வையுங்கள்.

அந்தத் தம்பியின் ஆம்ப் பல்பு சோதனையில் தேறிவிட்டது. ஒயரை முழுதாக மாற்றி, ஒயர் நுழையும் இன்ஜின் சுவர் ஓட்டையில் ரப்பர் வளையம் போட்டு, பேட்டரி ஓரத்தில் 40 ஆம்பியர் ஃப்யூஸ் வைத்து அனுப்பினேன். கருகின ஒயர் இப்போது பட்டறை ஆணியில் தொங்குகிறது. ஆம்ப் மாட்ட வருகிறவர்கள் கையில் முதலில் அதைத்தான் கொடுக்கிறேன்.