மைலேஜ் குறைந்தால் டிஃபரன்ஷியலையும் பாருங்கள்

மைலேஜ் குறைந்தால் பழி முதலில் இன்ஜின் மேல்தான் விழும். ஏர் ஃபில்டரை மாற்றுவோம், இன்ஜெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்வோம். பொலிரோ, இன்னோவா கிரிஸ்டா மாதிரி பின்சக்கரத்துக்கு இழுவை போகும் வண்டிகளில், பின் ஆக்சிலின் நடுவே பானை போலப் புடைத்திருக்கும் டிஃபரன்ஷியலை யாரும் கவனிப்பதில்லை.

இரண்டு சக்கரங்களுக்கும் இடையே 1.5 மீட்டர் என்று வையுங்கள். ஒரு யூ-டர்ன் அடித்தால் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட ஏறக்குறைய 4.7 மீட்டர் கூடுதலாக ஓடியாக வேண்டும். பெரிய வட்டமாகத் திரும்பினாலும் சின்ன வட்டமாகத் திரும்பினாலும் வித்தியாசம் இதேதான். இரண்டும் ஒரே தண்டில் இறுகியிருந்தால் ஏதோ ஒரு டயர் தார்ச்சாலையில் தேய்ந்துகொண்டே வரும். அதைத் தடுக்கத்தான் டிஃபரன்ஷியலின் உள்ளே, இரண்டு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் ஸ்டார் பினியன்கள் என்ற சின்னப் பல்சக்கரங்கள் இருக்கின்றன.

எரிபொருள் கதை கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தில் இருக்கிறது. இன்ஜின் பக்கமிருந்து வரும் தண்டின் முனையிலுள்ள பினியன் என்ற சின்னப் பல்சக்கரம்தான் அதைச் சுழற்றுகிறது. இன்றைய பின் ஆக்சில்களில் பினியன் பெரும்பாலும் கிரவுன் வீலின் மையத்துக்கு நேராக இல்லாமல் சற்றுக் கீழே அமைந்திருக்கும். இதை ஹைபாய்டு அமைப்பு என்பார்கள். சத்தம் குறைவு, பலம் அதிகம். ஆனால் பற்கள் ஒன்றின் மேல் ஒன்று உருளுவதோடு நீளவாக்கில் வழுக்கவும் செய்கின்றன. அவ்வளவு அழுத்தத்தில் சாதாரண ஆயிலின் படலம் கிழிந்துவிடும். அதனால்தான் கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் கலந்த ஜிஎல்-5 வகை கியர் ஆயில் கேட்கிறார்கள். நல்ல நிலையில் இருக்கும்போதே இன்ஜின் சக்தியில் சில சதவீதம் இங்கே வெப்பமாகப் போகிறது. ஆயில் குறைந்தாலோ, பேரிங்கை அளவுக்கு மீறி இறுக்கிப் பூட்டினாலோ வெப்பம் இன்னும் ஏறும். அந்த வெப்பம் அத்தனையும் நீங்கள் காசு கொடுத்துப் போட்ட டீசல்தான். தேவைக்கு மேல் கெட்டியான ஆயிலும் நஷ்டமே, அதைக் கலக்கவே சக்தி செலவாகும். ஆனாலும் மைலேஜ் திடீரென்று பாதியாகிவிட்டால் காரணம் வேறெங்கோ இருக்கும். டயர் காற்றையும் பிரேக் பிடிப்பையும் முதலில் பாருங்கள்.

ஓட்டும்போது வரும் கோளாறுதான் எனக்கு அதிகக் கவலை. ஸ்டார் பினியன்கள் இறுகிவிட்டால் வண்டி வளைய மறுத்து நேராகவே போகப் பார்க்கும். ஈரச் சாலையில் பின்பக்கம் வழுக்கவும் கூடும். பற்களுக்கிடையே இடைவெளி கூடினால் ஆக்ஸிலேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போது 'டக்' என்று ஒரு உதறல் வரும். மிதிக்கையில் ஊளையிட்டு, விட்டதும் சத்தம் அடங்கினால் கிரவுன்-பினியனைச் சந்தேகிக்கலாம். திரும்பும்போது மட்டும் சத்தம் வந்தால் ஸ்டார் பினியன் பக்கம் பாருங்கள்.

டிஃபரன்ஷியலை மூடியிருக்கும் கூடான ஹவுசிங்கின் மேல் காற்றுப் போக ப்ரீதர் என்று ஒரு சின்னத் துளை உண்டு. அதில் மண் அடைத்தால், சூட்டில் விரியும் காற்று ஆயிலை சீல் வழியே வெளியே தள்ளும். அது பிரேக் லைனிங்கில் பட்டால், பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். சூடாக இருக்கும் ஆக்சிலோடு வெள்ளத்தில் இறங்கினால் நடப்பது இதற்கு நேர்மாறு: உள்ளே காற்று சட்டென்று குளிர்ந்து, ப்ரீதர் வழியே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அப்படி இறங்க நேர்ந்தால் மறக்காமல் ஆயில் ஊற்றும் துளையின் மூடியான ஃபில்லர் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஆயில் வெளுத்துக் கலங்கியிருந்தால் அடுத்த சர்வீஸ் வரை காத்திருக்காமல் வடித்துவிட்டுப் புதிது ஊற்றுங்கள்.