சி.ஆர். 3 என்றால் மூன்றாம் லெவல் என்று யார் சொன்னது?

மறுபடியும் ஒரு வேர்வுல்ஃப், அதாவது ஓநாய் மனிதன். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது ஆளுக்கொரு கதாபாத்திரமாகி, பகடை உருட்டி, சேர்ந்து கதை சொல்லி ஆடும் விளையாட்டு. அதைக் காசு வாங்கிக்கொண்டு நடத்துவது என் பிழைப்பு. பாதியில் படுத்துவிட்ட கேம்பெய்னை, அதாவது வாரக்கணக்கில் நீளும் தொடர் ஆட்டத்தை, தூக்கி நிறுத்தவும் அவ்வப்போது கூப்பிடுவார்கள். இந்த முறையும் அதே கதைதான். மூன்றாம் லெவலில் நான்கு பேர். ஒருவர் ஆசைப்பட்டுக் கேட்டார் என்று டி.எம். (ஆட்டத்தை நடத்துபவர்) அவரை ஓநாய் மனிதனாக்கிவிட்டார். மற்றவர்களில் இரண்டு பேர் இப்போது ஆட்டத்துக்கே வருவதில்லை.

2014 விதிகளின்படி (இங்கே நான் சொல்லும் மான்ஸ்டர் கணக்குகள் பெரும்பாலும் அந்த விதிகள்தான்), வெள்ளி பூசாத, மந்திரம் ஏறாத ஆயுதம் எதுவும் வேர்வுல்ஃபின் உடம்பில் இறங்காது. பத்து கோப்ளின்கள் சூழ்ந்து வெட்டினாலும் ஒரு ஹிட் பாயிண்ட் (உயிர்ப்புள்ளி) குறையாது. அப்புறம் கேடயத்தோடு முன்னால் நிற்கும் ஃபைட்டருக்கு என்ன வேலை? டி.எம்.முக்கும் ரோஷம் வரும். அடுத்த சண்டையில் ஃபயர்பால் என்ற நெருப்பு மந்திரம் வீசும் எதிரியை இறக்குவார். அதன் சேதம் எட்டு ஆறுமுகப் பகடை, சராசரி 28. ஓநாய்க்கு உறைக்கும், சரி. ஆனால் 17 ஹிட் பாயிண்ட்டோடு பின்னால் பதுங்கியிருந்த விசார்ட் (மந்திரவாதி), சேவிங் த்ரோ, அதாவது தப்பிக்க உருட்டும் பகடை, தவறினால் அங்கேயே சுருண்டு விழுவார்.

இதைச் சொன்னால் ஒரு பதில் தயாராக வரும்: “வேர்வுல்ஃப் சி.ஆர். 3 தானே, நாங்களும் மூன்றாம் லெவல்தானே?”

இல்லை. இல்லவே இல்லை. சி.ஆர்., அதாவது சேலஞ்ச் ரேட்டிங், என்பது அந்த மான்ஸ்டரின் லெவல் அல்ல. நன்றாக ஓய்வெடுத்த நான்கு பேர், அதே லெவலில், உயிர்ச்சேதம் இல்லாமல் அதை வீழ்த்தலாம் என்பதற்கான கணக்கு. நான்கு பேர் சேர்ந்து! சி.ஆர். 2 உள்ள ஓகர் என்ற அரக்கனை எடுத்துக்கொள்ளுங்கள்: 59 ஹிட் பாயிண்ட். இரண்டாம் லெவல் ஃபைட்டருக்கு ஏறக்குறைய 20. இரண்டையும் ஒரே சாகசக் குழுவில் நிறுத்திவிட்டு ‘சமம்’ என்பீர்களா?

சி.ஆர். குறைவாக இருந்தால் ஆபத்தில்லை என்பவர்களும் உண்டு. பிக்ஸி என்ற குட்டித் தேவதையின் சி.ஆர். கால்தான், ஒரே ஒரு ஹிட் பாயிண்ட்தான். ஆனால் நினைத்தபோதெல்லாம் மறையும். நாளுக்கு ஒரு தடவை, உருவத்தையே மாற்றும் பாலிமார்ஃப் போடும். அந்த மந்திரத்துக்காக விசார்ட் ஏழாம் லெவல் வரை காத்திருக்க வேண்டும்! மான்ஸ்டர் ஒரே சண்டைக்காக எழுதப்பட்டது. சி.ஆர். கணக்கில் அதன் தாக்குதலை அளப்பதே மூன்று ரவுண்டுக்குத்தான். உங்கள் பிளேயரோ அதை வாரா வாரம், மாதக்கணக்கில் ஆடப்போகிறார்.

இது ஒன்றும் புதுத் தலைவலி இல்லை. 1974-இல் வந்த முதல் விதிப்புத்தகமே டிராகனாகக்கூட ஆடலாம் என்றது, ஆனால் குட்டி டிராகனாகத் தொடங்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அந்த நிபந்தனையைத்தான் எல்லோரும் வசதியாக மறந்துவிடுகிறார்கள். 1979-க்குள், இந்த விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸுக்கே அலுத்துவிட்டது. மான்ஸ்டர் கேட்பவர்களில் பெரும்பாலோர் மற்றவர்களை அடக்கி ஆளத்தான் கேட்கிறார்கள் என்று டி.எம். கையேட்டில் எழுதிவைத்தார். பின்னால் வந்த 3.5 பதிப்பு லெவல் அட்ஜஸ்ட்மென்ட், அதாவது மான்ஸ்டர் என்பதற்காக லெவலோடு கூட்டும் ஓர் எண், போட்டுச் சமாளிக்கப் பார்த்தது. வேம்பயர் என்றால் கூடுதல் 8. ஐந்தாம் லெவல் வேம்பயர் விசார்ட் 13-ஆம் லெவலாகக் கணக்கிடப்படுவார். கூட இருக்கும் உண்மையான 13-ஆம் லெவல் விசார்ட் ஏழாம் நிலை மந்திரம் போடும்போது இவர் மூன்றாம் நிலையோடு நிற்பார். மான்ஸ்டர் கேரக்டர் என்றால் ஒன்று ஊரையே அடிக்கும், இல்லாவிட்டால் ஒன்றுக்கும் உதவாது.

சரி, என்னதான் செய்வது? செஷன் ஜீரோவிலேயே, ஆட்டம் தொடங்குமுன் கூடிப் பேசும்போதே, “ஏன் இது வேண்டும்?” என்று கேளுங்கள். தோற்றமும் கதையும்தான் ஆசை என்றால் பிரச்சினையே இல்லை: பிளேயர்களுக்கென்றே உள்ள கோலியத் என்ற பேருருவ இனத்தின் விதிகளை எடுத்து ‘ஓகர்’ என்று பெயர் வையுங்கள். கோப்ளின், கோபோல்ட், ஓர்க், பக்பேர் எல்லாம் 2016-லேயே பிளேயர்களுக்கு ஏற்றபடி வெட்டித் தைத்து வந்தாயிற்று. வேம்பயர்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் எல்லோருக்கும் வேம்பயர் கொடுத்து ஒரே ராத்திரியில் முடியும் ஆட்டமாக நடத்துங்கள். தயவுசெய்து மான்ஸ்டர் மேனுவல் என்ற விதிப்புத்தகத்தின் பக்கத்தை அப்படியே பிளேயர் கையில் நீட்டாதீர்கள்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்களுக்கு: பழிவாங்க அந்தக் கேரக்டரைக் கொல்லாதீர்கள், ஆட்டத்துக்கு வெளியே உட்கார்ந்து பேசுங்கள். வேர்வுல்ஃப் சாபத்தின் வலுவை விவரிக்கும் அதே பகுதியில், தேவைப்பட்டால் டி.எம். கேரக்டரைத் தன் கையில் எடுத்துக்கொள்ளலாம் என்றும் இருக்கிறது. அதைப் பிளேயரோடு சேர்ந்து படியுங்கள். கடிபட்டு வந்த சாபம் என்றால் ரிமூவ் கர்ஸ் மந்திரம் போதும், ஐந்தாம் லெவல் கிளெரிக் (பூசாரி) போட்டுவிடுவார். பிறவி வேர்வுல்ஃப் என்று எழுதிக் கொடுத்துவிட்டீர்களா? அப்படியானால் விஷ் மந்திரம்தான் வழி, விசார்டுக்கு அது 17-ஆம் லெவலில்தான் கிடைக்கும். அதுவரை உங்கள் டேபிள் தாங்காது. அவரை வேறு கேரக்டர் எழுதச் சொல்லுங்கள்.