வானளாவி: துருவுவதா, அளாவுவதா?

எங்கள் தாராவிப் பகுதித் தமிழ் மன்றம் ஆண்டுக்கு ஒரு மலர் போடும். மெய்ப்புப் பார்ப்பது என் தலையில். இந்த முறை, ஓய்வுபெற்ற டிராஃப்ட்ஸ்மேன் ஒருவர் நாரிமன் பாயின்ட் ஏர் இந்தியா கட்டடத்தைப் பற்றி எழுதிக் கொடுத்தார். 1974-இல் முடிந்த அந்த 23 மாடிக் கட்டடத்தை வரைந்தவர் நியூயார்க்கின் ஜான் பர்கீ. அதே பர்கீ, கூட்டாளி பிலிப் ஜான்சனோடு சேர்ந்து, ஏடி அண்ட் டி என்ற அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்துக்காக மன்ஹாட்டனில் இன்னொன்றை வரைந்தார். அதன் மாதிரி உருவின் படம் ஒன்று கட்டுரையோடு வந்தது. படத்தின் அடியில் ஆங்கிலத்தில் நாலே சொல்: புரொப்போஸ்ட் போஸ்ட்மாடர்ன் ஆபீஸ் ஸ்கைஸ்கிரேப்பர்.

"தமிழ்ல ஒரு வரியாப் போட்டுருங்க தம்பி, அஞ்சு நிமிச வேலை" என்றார் செயலாளர் அண்ணாச்சி. எனக்கு ரெண்டு நாள் ஆனது. 'ஆபீஸ்' மட்டும்தான் அஞ்சு நிமிடத்தில் முடிந்தது.

ஸ்கைஸ்கிரேப்பரில், அதாவது மிக உயரமான மாடிக் கட்டடத்தில், தொடங்குகிறேன். இந்தச் சொல் பிறந்தது கட்டடத்துக்காக இல்லை, கப்பலுக்காக. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில், பாய்மரத்தின் உச்சியில், மற்றப் பாய்களுக்கெல்லாம் மேலே, காற்று மெல்லடிக்கிற நாளில் மட்டும் விரிக்கும் சின்ன முக்கோணப் பாய்க்கு அந்தப் பெயர். அதே காலத்து உச்சிப் பாய் இன்னொன்றுக்கு 'மூன்ரேக்கர்' என்று பெயர், அதாவது நிலாவை வாரிக் கூட்டுவது. மாலுமிகளின் வாய்க்கொழுப்பு! 1789-இல் எப்சம் டெர்பி பந்தயத்தில் ஜெயித்த குதிரைக்கும் ஸ்கைஸ்கிரேப்பர் என்றே பெயர் வைத்திருந்தார்கள். அப்புறம் உயரமான தொப்பியையும் நெட்டையான ஆளையும் அப்படிக் கூப்பிட்டார்கள். கட்டடத்துக்கு அது வந்து ஒட்டியது 1880-களில்தான், அமெரிக்காவில்.

ஒட்டியதற்குக் காரணம் சிகாகோ. 1871-இல் பெருந்தீ நகரத்தின் நடுப்பகுதியைத் தின்றுவிட்டது. திரும்பக் கட்டும்போது மனை விலை ஏறிக்கொண்டே போக, மேலே போவதைத் தவிர வழியில்லை. கயிறு அறுந்தாலும் விழாத லிஃப்டை எலிஷா ஓட்டிஸ் 1850-களிலேயே காட்டிவிட்டார், ஆகவே மாடிப்படி ஏறும் கால் இனி அளவுகோல் இல்லை. மீதியிருந்த தடை சுவர். 1891-இல் முடிந்த சிகாகோவின் மொனாட்நாக் கட்டடத்தின் பழைய பாதியில் 16 மாடிப் பாரத்தைச் செங்கல் சுவரே தாங்குகிறது. அதற்காக அடிச்சுவர் 6 அடி கனம் வேண்டியிருந்தது. தரைத்தளக் கடைக்காரர் வாடகை கொடுப்பது இடத்துக்கா, சுவருக்கா? ஆனால் வில்லியம் லெ பரோன் ஜென்னி 1885-லேயே ஹோம் இன்சூரன்ஸ் கட்டடத்தில் பாரத்தை இரும்புச் சட்டகத்தின் மேல் ஏற்றியிருந்தார். சட்டகம் எலும்பு, சுவர் வெறும் தோல். முதல் ஸ்கைஸ்கிரேப்பர் என்று பெரும்பாலும் அதைத்தான் சொல்வார்கள். உயரம்? 10 மாடி, 42 மீட்டர். சயானில், குடிசைவாசிகளுக்குக் கட்டிக்கொடுத்த ஒரு எஸ்.ஆர்.ஏ. பில்டிங் அதைக் குனிந்து பார்க்கும். இன்று 150 மீட்டராவது இருந்தால்தான் இந்தப் பெயரைக் கொடுக்கிறார்கள். நம் ஏர் இந்தியா அந்தக் கோட்டைத் தொடாது. லோயர் பரேலின் வேர்ல்ட் ஒன் 280 மீட்டர், அது தாராளமாகத் தாண்டிவிடும்.

சரி, தமிழுக்கு வருவோம். சொல்லுக்குச் சொல் போட்டால் என்ன ஆகும்? ஸ்கிரேப்பர் நம் சமையலறையிலேயே இருக்கிறது: தேங்காய்த் துருவி. எனவே 'வான்துருவி'. இல்லையென்றால் 'வான்சுரண்டி'. மும்பையில் மனை விலை தெரிந்தவர்கள் இரண்டாவது சொல்லைக் கேட்டுச் சிரிப்பார்கள், பொருத்தம் அப்படி. ஆனால் அச்சில் போட முடியாது.

மற்ற மொழிக்காரர்கள் பலர் துருவத்தான் செய்தார்கள். பிரெஞ்சும் இத்தாலியனும் ஸ்பானிஷும் வானத்தைச் சுரண்டுகின்றன. ஜெர்மனுக்கு வானம் எட்டவில்லை போல, மேகத்தைப் பிராண்டுவதோடு நிறுத்திக்கொண்டது. வியட்நாமிய மொழி வானத்தைக் குத்துகிறது. ஃபின்னிஷ் மட்டும் தனி ரசனை, அங்கே அது 'மேகத்தில் கோடு வரைவது'. நம் அக்கம்பக்கத்து மராத்தியும் இந்தியும் 'ககனசும்பி' என்கின்றன. சும்பனம் என்றால் முத்தம், எனவே வானை முத்தமிடுவது. வடமொழியில் இதற்கு ஒரு பழைய உறவு உண்டு. மேகதூதத்தில் அளகாபுரி மாளிகைகளின் உச்சியைக் காளிதாசர் 'அப்ரம்லிஹ' என்கிறார், மேகத்தை நக்குவது என்று பொருள்.

தமிழ் இதில் எதையும் செய்யவில்லை. 'அளாவு' என்ற வினையை எடுத்தது. என் கணிப்பில் நல்ல வேலை நடந்திருப்பது இங்கேதான், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

அளாவுதல் என்றால் எட்டுதல், அளவுக்குப் போதல் என்று எடுத்துக்கொண்டு வேகமாகக் கடந்துவிடுகிறோம். அந்தப் பொருளும் உண்டுதான். ஆனால் அந்த வினைக்குக் கை இருக்கிறது. 'சிறுகை அளாவிய கூழ்' என்கிறது குறள். குழந்தை கூழை எட்டவில்லை, கையை விட்டுப் பிசைந்து துழாவுகிறது. அளாவுதல் என்றால் கலத்தல், துழாவுதல். 'அளவளாவுதல்' என்கிறோமே, மனம் கலந்து பேசுதல், அதற்குள்ளும் இதுவே இருக்கிறது. ஆக வானளாவி, வானத்தைக் கீறவும் இல்லை, குத்தவும் இல்லை. வானத்துக்குள் கையை விட்டுக் கலக்குகிறது. கற்பனை என்று நினைப்பவர்கள் ஜூலை மாதம் பரேல் பாலத்தில் நின்று லோயர் பரேல் பக்கம் பார்க்கலாம். முப்பதாவது மாடிக்கு மேல் கட்டடம் எது, மேகம் எது என்று பிரிக்க முடியாது. அந்த மாதத்தில் அங்கே எதுவும் எதையும் சுரண்டுவதில்லை, எல்லாம் ஒன்றாக அளாவிக் கிடக்கிறது.

இலக்கணமும் உறுத்தவில்லை. 'வானளாவிய' என்ற பெயரெச்சம் நமக்குப் பழக்கம், 'வானளாவிய கட்டடம்' என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. எண்பதுகளில் தமிழகச் சட்டப்பேரவைத் தலைவராக இருந்த பி.எச். பாண்டியன் தன் பதவிக்கு 'வானளாவிய அதிகாரம்' உண்டு என்று சொல்லி அந்தச் சொல்லை டீக்கடை வரை கொண்டுபோனார். அதையே பெயர்ச்சொல்லாக்க, கடைசியில் ஒரு 'இ' போதும். மண்ணை வெட்டுவது மண்வெட்டி, ஒலியைப் பெருக்குவது ஒலிபெருக்கி, வானை அளாவுவது வானளாவி. பன்மைக்கு வானளாவிகள். 'வானுயர் கட்டடம்', 'விண்முட்டும் கட்டடம்' எல்லாம் தப்பில்லை, ஆனால் அவை வருணனை, பெயர் இல்லை. அப்புறம், கட்டிடம் என்று எழுதாதீர்கள், அது கட்டும் இடம் என்று திருத்துவோர் எங்கள் மன்றத்திலேயே மூன்று பேர் உண்டு. நான் கட்டடம் கட்சி, ஆனால் அதற்காகச் சண்டைக்குப் போக மாட்டேன்.

மும்பைத் தமிழர் வாயில் புழங்குவது இது எதுவும் இல்லை, 'டவர்'. "அவங்க டவர்ல வீடு வாங்கிட்டாங்க" என்றால் 'சால்' வீட்டை விட்டுப் போய்விட்டார்கள், இனி லிஃப்டில்தான் போகவேண்டும் என்று அர்த்தம். சால் என்பது ஒற்றை அறைகள் வரிசையாய் இருக்கும் பழைய குடியிருப்பு. அதே வாய், போனைக் காதில் வைத்துக்கொண்டு "டவர் கிடைக்கல" என்றும் சொல்லும். இதைத் தமிழாக்க முயன்று கோபுரத்தை இழுத்தவர்கள் உண்டு. 2001-இல் நியூயார்க்கில் விழுந்தவற்றை நம் பத்திரிகைகள் 'இரட்டைக் கோபுரம்' என்றே எழுதின. எனக்கு அதில் ஒரு நெருடல். கோபுரம் என்பது வாசல். அதன் வழியே உள்ளே போகிறோம், அதில் யாரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து கணக்கு எழுதுவதில்லை. மாடிகள் கொண்ட உயர்ந்த வீட்டுக்குத் தமிழின் பழைய சொல் மாடம். ஒவ்வொரு தளத்துக்கும் பெயர் 'நிலை'. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் இருந்தது 'நெடுநிலை மாடத்து இடைநிலத்து'. எனவே 'நெடுநிலை மாடம்' என்றே போட்டுவிடலாமா என்று ஓர் இரவு யோசித்தேன். அழகுதான். ஆனால் அங்கே தென்றல் வரும், இங்கே ஏசி. விட்டுவிட்டேன்.

போஸ்ட்மாடர்னுக்கு 'பின்நவீனத்துவம்' இருக்கிறது, தொண்ணூறுகளின் சிறுபத்திரிகைகள் அதை அடித்துத் துவைத்துக் காயப்போட்டுவிட்டன. இலக்கியத்தில் அது என்ன என்று கேட்டால் அடிதடி ஆகும். கட்டடத்தில் சுலபம், கண்ணாலேயே காட்டலாம். நவீனக் கட்டடம் ஒரு கண்ணாடிப் பெட்டி. அடி, நடு, உச்சி எல்லாம் ஒன்றுபோல, அலங்காரம் கூடாது. 'குறைவே நிறைவு' என்பது அந்தக் கட்சியின் முழக்கம். அது சலித்துப்போய் 'குறைவு என்றால் சலிப்பு' என்று மறுத்தவர் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ராபர்ட் வென்ச்சூரி. அந்த வழியில் வந்ததுதான் எங்கள் படத்தில் இருப்பது: 37 மாடி, 197 மீட்டர், கண்ணாடிக்குப் பதில் இளஞ்சிவப்புக் கிரானைட், உச்சியில் பழங்கால மரப் பீரோவின் தலைக்கொண்டை போல, நடுவில் வட்டமாக வெட்டுவிழுந்த ஒரு முக்கோண முகப்பு. கட்டி முடிக்கும் முன்பே, 1979 ஜனவரியில், ஜான்சன் அதன் மாதிரியைக் கையில் பிடித்தபடி டைம் இதழின் அட்டையில் வந்துவிட்டார். சிலர் அதைப் பீரோ என்று கேலி செய்தார்கள். 1984-இல் கட்டி முடிந்தது, 2018-இல் நியூயார்க் நகரமே அதைப் பாதுகாக்க வேண்டிய சின்னமாக அறிவித்தது. மும்பையில் அவர் கூட்டாளி பர்கீயின் ஏர் இந்தியாவுக்குத் தலையில் கொண்டை இல்லை, சந்தேகமிருந்தால் மெரைன் டிரைவில் நின்று பாருங்கள்.

நான் 'பின்நவீனத்துவ அலுவலக வானளாவி' என்று எழுதிக் காட்டியதும் அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார். "நவீனமா ஒண்ணு இருக்கு, அதுக்குப் பின்னால இது நிக்குதா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். தமிழில் 'பின்' இடத்தையும் சொல்லும், காலத்தையும் சொல்லும். '-த்துவ'வை வெட்டி, 'பாணி' என்று ஒன்றைச் சேர்த்து, 'பின்நவீனப் பாணி' என்று மாற்றினேன். பாணி என்றதும் இடக்குழப்பம் போய்விட்டது.

கடைசியாக புரொப்போஸ்ட். அரசுத் தமிழில் இது 'உத்தேச'. உத்தேச மதிப்பு, உத்தேச திட்டம். ஆனால் "உத்தேசமா எவ்வளவு ஆகும்?" என்று தச்சரிடம் கேட்கிறோம். அங்கே அதன் பொருள் ஏறக்குறைய. ஏறக்குறைய ஒரு வானளாவி என்றால் பக்கத்து வீட்டுக்காரர்கள் பயப்படுவார்கள். 'முன்மொழியப்பட்ட' என்பது தீர்மானத்துக்குச் சரி, செங்கல்லுக்குச் சரியில்லை. கட்டடத்தை யாரும் மொழிவதில்லை, திட்டம் போடுகிறார்கள்.

இப்படியாக வரி முடிந்தது: 'நியூயார்க்கில் கட்டத் திட்டமிட்ட பின்நவீனப் பாணி அலுவலக வானளாவியின் மாதிரி உரு.' அச்சகத்துக்குப் போனது. மலர் வந்து பார்த்தால், 'ளா'வின் துணைக்கால் விழுந்துவிட்டிருந்தது. 'வானளவி' என்று அச்சாகியிருந்தது. மெய்ப்புப் பார்த்தவன் நான்தான், யாரிடம் கோபித்துக்கொள்வது? அண்ணாச்சியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் அந்த வரியை இன்னொரு முறை வாய்விட்டுப் படித்தார்.

"வானத்தை அளக்குறது. இது நல்லாத்தானே இருக்கு தம்பி? நீங்க எழுதினது என்னது?"