மணிக்கட்டு முறிவு: படத்தில் கோணல் என்றால் கை போச்சா?

மழை பிடித்துவிட்டால் எங்கள் பக்கம் மணிக்கட்டு முறிவும் வரிசையாக வரும். கன்னியாகுமரி மாவட்டத்துக்கு மழைக்காலம் இரண்டு, ஜூனில் ஒன்று, அக்டோபரில் இன்னொன்று. துணி அலக்குகிற கல், பாசி பிடித்த முற்றம், ரப்பர் விளைக்குள் இறங்குகிற செம்மண் சரிவு, வளைவில் சறுக்குகிற பைக் என்று இடம்தான் மாறும். விழும்போது யாரும் யோசிப்பதில்லை, கை தானாக முன்னே போய் ஊன்றிவிடும். உள்ளங்கை தரையில் பட்ட நொடியில் உடம்பின் பாரம் முழுவதும் மணிக்கட்டுக்குச் சற்று மேலே, ரேடியஸ் எலும்பின் நுனியில் இறங்கும். பெருவிரல் பக்கம் இருக்கிற அந்த எலும்பு அங்கேதான் முறிகிறது.

நான் பிசியோதெரபிஸ்ட். எலும்பைப் பொருத்துவது எலும்பு மருத்துவரின் வேலை, கட்டு பிரித்த பிறகு அந்தக் கையை அடுக்களைக்கும் விளைக்கும் வள்ளத்துக்கும் திருப்பி அனுப்புவது என் வேலை. அதனால் ஒரே மணிக்கட்டை எக்ஸ்ரேயிலும் பார்க்கிறேன், அது வேலை செய்யும்போதும் பார்க்கிறேன். சிலர் வந்ததும் கேட்பது, "எலும்பு நேரா சேரலன்னு சொல்லியாச்சு, இனி கை அவ்வளவுதானா?" இன்னும் சிலர், "படத்துல நல்லா சேந்திருக்குன்னு சொன்னாங்களே, பின்ன ஏன் ஒரு செம்பைக்கூட பிடிக்க முடியல?" என்று கேட்கிறார்கள். இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருப்பது ஒன்றுதான்: எலும்பு எவ்வளவு நேரோ கை அவ்வளவு நலம். விஷயம் அப்படி இல்லை.

இது பழைய வழக்கு. 1814இல் டப்ளின் நகரத்து அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் இந்த முறிவை விவரித்து எழுதினார். எக்ஸ்ரே வந்ததே 1895இல்தான், அவர் கையால் தொட்டுப் பார்த்துத்தான் எழுதினார். கையின் வடிவம் ஆயுளுக்கும் கோணலாகவே நின்றுவிடும், ஆனாலும் நாளடைவில் வலி போய் அசைவெல்லாம் திரும்பிவிடும் என்பது அவர் சொன்னதன் சாரம். எல்லாருக்கும் அப்படித்தானா என்றுதான் இன்றுவரை மருத்துவர்கள் அளந்துகொண்டே இருக்கிறார்கள்.

எதை அளக்கிறார்கள் என்று தெரிந்தால் பயம் பாதி குறையும். நல்ல மணிக்கட்டில் ரேடியஸின் மூட்டுப் பரப்பு உள்ளங்கைப் பக்கமாகச் சுமார் 11 டிகிரி சாய்ந்திருக்கும். கை ஊன்றி விழுந்தால் அந்த நுனி புறங்கைப் பக்கம் மடங்கும், கை முள்கரண்டி மாதிரி வளைந்து தெரிவது அதனால்தான். அப்புறம் நீளம். முறிந்த இடத்தில் எலும்பு நொறுங்கி அமுங்கினால் ரேடியஸ் குட்டையாகிவிடும், பக்கத்தில் இருக்கிற அல்னா எலும்பு நீட்டிக்கொண்டு நிற்கும். மூன்றாவது, முறிவு மூட்டுக்குள் போயிருந்தால் அந்தப் பரப்பில் படி மாதிரி ஏற்ற இறக்கம் விழும். 65 வயதுக்குள் இருப்பவர்களுக்கு எலும்பை இழுத்துப் பொருத்திய பிறகும் 3 மில்லிமீட்டருக்கு மேல் குட்டை, புறங்கைப் பக்கம் 10 டிகிரிக்கு மேல் சாய்வு, மூட்டில் 2 மில்லிமீட்டருக்கு மேல் படி, இவற்றில் ஒன்று இருந்தாலும் அறுவை சிகிச்சையை யோசிக்கலாம் என்பது பொதுவாக வைத்திருக்கும் எல்லை.

மூன்றிலும் மக்கள் கவனிக்காதது நீளம். வெளியே கோணல் தெரிந்தால் எல்லாரும் பதறுவார்கள், 3 மில்லிமீட்டர் குட்டையானது கண்ணுக்குத் தெரியாது. நல்ல மணிக்கட்டில் பாரத்தில் 80 சதவீதத்துக்கு மேல் ரேடியஸ் தாங்குகிறது, அல்னாவின் பங்கு 18 சதவீதம் அளவுதான். இரண்டரை மில்லிமீட்டர் வித்தியாசத்தில் அல்னா நீட்டிக்கொண்டால் அதன் பங்கு 42 சதவீதமாக ஏறுவதை ஆய்வகத்தில் அளந்து காட்டியிருக்கிறார்கள். இரண்டரை மில்லிமீட்டர் என்பது ஓர் அரிசியின் அகலத்தைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். அதற்குத்தான் சுண்டுவிரல் பக்கம் குத்துகிற வலி வருகிறது, சாவியைத் திருப்பும்போது, ஈரத்துணியைப் பிழியும்போது. உள்ளங்கையை மேலே பார்க்கத் திருப்புவதும் அங்கேதான் அடைபடும். கோயிலில் திருநீறு வாங்கவும் சர்ச் பூசையில் நன்மை (நற்கருணை) வாங்கவும் கை மலர மறுக்கிறது என்று சொல்லி அழுதவர்கள் உண்டு. வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்கு அது சின்னக் குறை.

குலசேகரம் பக்கத்து ரப்பர் வெட்டுத் தொழிலாளி ஒருவர் வந்தார், நாற்பதைத் தொடாத வயது. (அடையாளம் தெரியாதபடி விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.) விடிகாலை வெட்டுக்குப் போகும் வழியில் பைக்கோடு விழுந்து வலது கை முறிந்திருந்தது. மாவுக்கட்டு போட்டார்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி படம் எடுக்க வரச் சொன்னதை அவர் விட்டுவிட்டார், கட்டுதான் இருக்கிறதே, பிறகென்ன என்று. ஆறு வாரம் கழித்துக் கட்டு பிரித்தபோது ரேடியஸ் 5 மில்லிமீட்டர் அமுங்கிச் சேர்ந்திருந்தது. பட்டையில் கத்தியைச் சாய்வாக இழுத்து வரும்போது மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கம் மடங்கிக்கொண்டே திரும்பவும் வேண்டும், அந்த அசைவில்தான் அவருக்கு உயிர் போகிற வலி. இரும்பைப் பிடித்து அழுத்துகிற கருவியில் நல்ல கை 42 கிலோ காட்டியது, முறிந்த கை 15. நாலு மாதம் நானும் அவரும் விடாமல் உழைத்தோம், மடக்கி நீட்டுவதெல்லாம் கணிசமாக வந்தது, வெட்டு மட்டும் வரவில்லை.

அதே மாதங்களில் கருங்கல் பக்கத்திலிருந்து 74 வயது அம்மை ஒருவரும் வந்துகொண்டிருந்தார். அலக்குகல்லடியில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டு முறிந்து, புறங்கைப் பக்கம் ஏறக்குறைய 20 டிகிரி சாய்ந்தே சேர்ந்துவிட்டது. அறுவை வேண்டாம் என்று மருத்துவரும் பிள்ளைகளும் பேசி முடிவெடுத்திருந்தார்கள். மகள் மட்டும் தினமும் அந்தக் கையைப் பார்த்துக் கலங்குவார். ஐந்தாம் மாதம் அம்மை தேங்காய் திருவுகிறார், மீன் வெட்டுகிறார், தலை பின்னிக்கொள்கிறார், வலி இருக்கிறதா என்று கேட்டால் மழை நாளில் கொஞ்சம் என்கிறார். படத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் வெட்டுக்காரரின் கையைவிட இவர் கைதான் மோசம்.

இது அந்த அம்மையின் அதிர்ஷ்டம் இல்லை. 2011இல் ஆஸ்திரியாவில் 65 வயது நிரம்பிய 73 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு அறுவை செய்து உலோக பிளேட் வைத்தும் பாதிப் பேருக்குக் கட்டு மட்டும் போட்டும் ஓர் ஆண்டு தொடர்ந்து பார்த்தார்கள். பிளேட் வைத்தவர்களின் படம் நேராக இருந்தது, பிடிபலமும் கூடுதல், முதல் சில மாதங்களில் கையும் சீக்கிரம் உதவியது. ஆனால் ஆண்டு முடிவில் வலியிலும் அசைவிலும் அன்றாட வேலையிலும் இரண்டு பக்கமும் வித்தியாசம் இல்லை, சிக்கல்கள் பிளேட் வைத்தவர்களுக்கே அதிகம். காரணத்தை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: நல்ல மணிக்கட்டு முன்னும் பின்னும் 70 டிகிரி அளவுக்குப் போகும், வீட்டு வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு 40 டிகிரி போதும். வயதானவர் அந்த மிச்சத்தை இழந்தால் அன்றாடம் அதிகம் தட்டாது. ரப்பர் வெட்டுகிறவர், பனையேறுகிறவர், வலை இழுக்கிறவர், கொத்து வேலை செய்கிறவர் அந்த மிச்சத்தை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். வயதை மட்டும் எண்ணுவதும் சரியில்லை என்பேன், எங்கள் ஊரில் 68 வயதிலும் பனையேறுகிறவர்கள் உண்டு. அதனால் மருத்துவரிடம் போனதும் கை முறிந்தவர் என்ன வேலை செய்கிறார் என்பதை, அவர் கேட்காவிட்டாலும், நீங்களே சொல்லிவிடுங்கள்.

முதல் இரண்டு வாரம் பற்றி எனக்கு ஆதங்கம் அதிகம். இழுத்துப் பொருத்தியது கட்டுக்குள் நழுவும். வீக்கம் வடிந்தால் கட்டு தளரும், தளர்ந்தால் எலும்பு பழைய கோணத்துக்கே திரும்பப் பார்க்கும். பிரிட்டனில் 500 பேரை வைத்து நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வில், பொருத்திய எலும்பைக் கம்பி வைத்துப் பிடித்தவர்களும் கட்டு மட்டும் போட்டவர்களும் ஓர் ஆண்டு முடிவில் ஒரே அளவில்தான் இருந்தார்கள். ஆனால் கட்டு போட்டவர்களில் எட்டுப் பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் முதல் ஆறு வாரத்துக்குள் எலும்பு நழுவி அறுவை தேவைப்பட்டது. கட்டு போதும் என்றால் போதும்தான், நழுவுகிறதா என்று யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முதல் வாரப் படம், இரண்டாம் வாரப் படம், இரண்டையும் விடாதீர்கள். அந்த நேரத்தில் பிடித்தால் திருத்துவது எளிது, சேர்ந்த பிறகு எலும்பை மறுபடி வெட்டித்தான் நிமிர்த்த வேண்டும்.

எங்கள் மாவட்டத்தில் இதைப் பேசும்போது ஆசான்மாரை விட்டுவிட்டுப் பேச முடியாது. வர்ம வைத்தியத்துக்குப் பேர் போன மண், என் குடும்பத்திலும் சுளுக்கென்றால் முதலில் போவது ஆசானிடம்தான். நான் கேட்பது ஒன்றே, எங்கே போவதானாலும் முதலில் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிட்டுப் போங்கள். முறிந்த இடத்தில் எண்ணெய் போட்டு உழிய வேண்டாம். எங்கே போட்ட கட்டானாலும் சரி, விரல் நீலம் பாரித்தால், மரத்துப்போனால், விரலை நீட்டும்போது தாங்க முடியாத வலி வந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், ராத்திரியே போய்க் கட்டைத் தளர்த்த வேண்டும்.

சரி, படம் நேராக இருந்தும் செம்பு பிடிக்க முடியாதவர்களுக்கு வருவோம். அநேகமாக இவர்கள் ஆறு வாரமும் கையைத் தொட்டிலில் போட்ட குழந்தை மாதிரி தொங்கவிட்டு, விரலைக்கூட அசைக்காமல் இருந்தவர்கள். அசைத்தால் எலும்பு விலகிவிடும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். கட்டு மணிக்கட்டுக்குத்தான். விரல்களை முதல் நாளிலிருந்தே முழுவதும் மடக்கி முழுவதும் விரிக்க வேண்டும், மணிக்கு ஒரு தடவையாவது. முழங்கையும் தோளும் அசைய வேண்டும், இல்லையென்றால் மணிக்கட்டு முறிவில் தொடங்கித் தோள் பூட்டிக்கொள்வதில் போய் முடியும். வீக்கம் இருக்கும்வரை கை நெஞ்சுக்கு மேலே இருக்கட்டும், மோதிரத்தை முதலிலேயே கழற்றிவிடுங்கள். கட்டு பிரித்த பிறகு கை எரிகிறது, தோல் மினுமினுக்கிறது, நிறம் மாறுகிறது, துணி பட்டாலே வலிக்கிறது என்றால் அதைப் பொறுத்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள், அது நரம்பு சம்பந்தப்பட்ட வேறு தொல்லை, சீக்கிரம் தொடங்கினால்தான் அடங்கும். எலும்பு அசையாமல் நேராகவே சேர்ந்த முறிவிலும் சில வாரம் கழித்துப் பெருவிரலைத் தூக்குகிற தசைநாண் உரசி அறுந்துபோவது உண்டு. திடீரென்று பெருவிரல் நுனி நிமிரவில்லை என்றால் உடனே காட்டுங்கள்.

வீட்டில் பார்த்துக்கொள்ள நான் சொல்வது வணக்கம் வைக்கிற கையை. கட்டு பிரித்து, மருத்துவர் அசைக்கலாம் என்ற பிறகு, இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து நெஞ்சுக்கு முன்னால் வைத்து முழங்கைகளை மெல்ல உயர்த்துங்கள். எந்தக் கை முதலில் தடுக்கிறது என்று வாரா வாரம் தெரியும். புறங்கைகளைச் சேர்த்து, விரல்கள் கீழே பார்க்க வைத்து, முழங்கைகளை மெல்லத் தாழ்த்தியும் அதே மாதிரி பாருங்கள். பின்னே மடங்குகிற அசைவு முக்கியம், மணிக்கட்டு கொஞ்சம் பின்னே மடங்கி நின்றால்தான் விரல்களுக்கு இறுகப் பிடிக்கிற பலம் வரும்.

ஐம்பது தாண்டியவர், நின்ற இடத்தில் விழுந்ததற்கே மணிக்கட்டு முறிந்தது என்றால் எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். இடுப்பெலும்பு முறிவதற்குப் பல ஆண்டு முன்னால் எலும்பு அடர்த்திக் குறைவு காட்டுகிற முதல் அடையாளம் பல பெண்களுக்கு மணிக்கட்டுதான். கருங்கல் அம்மையை அனுப்பினோம், அடர்த்தி குறைவென்று வந்தது, மருந்து தொடங்கியிருக்கிறார்.

வெட்டுக்காரருக்கு ஏழாம் மாதம் எலும்பை வெட்டி நீளம் திருத்தி பிளேட் வைத்தார்கள். எலும்பு சேர்ந்ததும் மறுபடி வந்தார், சுண்டுவிரல் பக்கத்து வலி பெரும்பாலும் போயிருந்தது, கடைசியாக அளந்தபோது அந்தக் கை 31 கிலோ காட்டியது. முன்பு வெட்டிய மரங்களில் பாதியைத்தான் இப்போது எடுத்திருக்கிறார், மிச்சத்தைத் தம்பி வெட்டுகிறான்.